முகச் சுருக்கத்துக்கு ஊசி: போட்டுக்கொள்ளும் முன்...

போடாக்ஸ், ஃபில்லர், பீல், லேசர்... கத்தி படாமல் இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் சிகிச்சைகளால் எது முடியும், எது முடியாது?

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் ஸ்கின் கிளினிக் விளம்பரங்களும் பெருகிவிடுகின்றன. கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் இருந்த 'பேக்கேஜ்' இப்போது பெண்ணின் அம்மாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாக வந்துவிட்டது. ஆண்களும் விசாரிக்கிறார்கள். 'கத்தி இல்லை, தையல் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம்' என்ற வாசகம் பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்களின் பெயர்ப்பலகைகளுக்கும் ஏறிவிட்டது.

அந்த வாசகத்தில் பெரும்பகுதி உண்மைதான். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டு முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் முகத் தசைக்குள் இறங்குவது, மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடிய ஒன்றின் மிக மிகச் சிறிய அளவு. கைதேர்ந்த மருத்துவர் கையில் அது அருமையான மருந்து. பயிற்சி இல்லாதவர் கையில் அது இமையைத் தொங்கவைக்கும். ஃபில்லர் ஊசி தடம் மாறினால் கண் பார்வையே போகலாம். அதனால்தான் இந்தச் சிகிச்சைகளை அழகுக்கலையாக மட்டும் பார்க்காமல், மருத்துவமாகப் பார்க்கவேண்டிய தேவை இருக்கிறது.

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல

கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பாருங்கள். இரண்டு புருவங்களுக்கு நடுவே செங்குத்தாகக் கோடுகள் விழும். முகத்தைத் தளர்த்தியதும் அவை மறைந்துவிட்டால் அது அசைவால் வரும் சுருக்கம். சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் கோடுகளும், புருவத்தை உயர்த்தும்போது நெற்றியில் விழும் படுக்கைக் கோடுகளும் இந்த வகைதான். பல ஆண்டுகள் மடிந்த இடத்திலேயே தோல் மடிந்து மடிந்து, ஒரு கட்டத்தில் முகம் சும்மா இருக்கும்போதும் கோடு நிலைத்துவிடுகிறது.

இரண்டாவது வகை, உள்ளிருக்கும் கொழுப்பும் எலும்பும் குறைவதால் வருவது. வயது ஏற ஏறக் கன்னத்தின் கொழுப்புத் திட்டுகள் சுருங்குகின்றன, இடம் இறங்குகின்றன. முக எலும்பும் மெல்லத் தேய்கிறது. மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இறங்கும் மடிப்பு ஆழமாவது இப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் தோலில், அதைத் தாங்கிநிற்கும் புரதமான கொலாஜன் வேகமாகக் குறைவதால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்த மாற்றம் சட்டென்று கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாவது வகை வெயில் கொடுப்பது. சூரிய ஒளியில் உள்ள யூவி-ஏ கதிர்கள் தோலின் ஆழம்வரை சென்று கொலாஜனையும், தோலுக்கு இழுபடும் தன்மையைத் தரும் எலாஸ்டினையும் சிதைக்கின்றன. இதற்கு ஒரு புகைப்படத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2012-இல் வெளியான அந்தப் படத்தில் இருப்பவர் 69 வயது லாரி ஓட்டுநர். 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். அவர் முகத்தின் வலப்பாதி வயதுக்கேற்ப இருக்கிறது. கதவுக் கண்ணாடி பக்கம் இருந்த இடப்பாதியோ ஆழமான மடிப்புகளும் தடித்த தோலுமாக, அவருடைய அப்பாவின் முகம் போலத் தெரிகிறது. கண்ணாடி ஏற்றியிருந்தாலும் யூவி-ஏ ஊடுருவும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சுருக்கத்துக்கு வழி தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் முகத்தில் இந்த மூன்றில் எது அதிகம் என்பதைத்தான். அசைவுச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் கேட்கும். கன்னம் ஒட்டியதால் வந்த மடிப்புக்கு அது கேட்காது. வெயில் கொடுத்த நுண்கோடுகளுக்கு ஃபில்லர் பயன்படாது. காரணத்தைப் பார்க்காமல் 'பேக்கேஜ்' விற்கும் இடத்தில் பணம் போவது உறுதி, பலன்தான் நிச்சயமில்லை.

நஞ்சு மருந்தான கதை

போடாக்ஸ் என்பது ஒரு பிராண்டின் பெயர். மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்ஸின். கெட்டுப்போன உணவில், காற்றுப் புகாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியா இதைச் சுரக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு ஜெர்மனியில், சரியாகப் பதப்படுத்தாத இறைச்சியைச் சாப்பிட்டவர்கள் தசை செயலிழந்து, மூச்சு விட முடியாமல் இறந்தார்கள். அந்தச் சாவுகளை ஆராய்ந்து 1820-களில் விரிவாக எழுதியவர் ஜஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர். அவர் ஒரு கவிஞரும்கூட. நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் இந்த நஞ்சு தடுக்கிறது என்பதைக் கவனித்த கெர்னர், அளவறிந்து கொடுத்தால் இது மருந்தாகலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்.

அது நிறைவேற ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறி இழுக்கும் கண் தசையைச் சற்றுத் தளர்த்தினால் போதும் என்று 1970-களில் இந்த நஞ்சைச் சோதித்தார். மாறுகண்ணுக்கும், இமை தன்னிச்சையாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் 1989-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை அனுமதித்தது.

சுருக்கத்துக்கு இது பயன்படும் என்று தெரியவந்தது கனடாவின் வான்கூவரில். இமை இறுக்க நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், புருவங்களுக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கண் மருத்துவர் ஜீன் கரூத்தர்ஸிடம் கேட்டார். அங்கே போட்டால் முகத்தில் இறுக்கம் போய் அமைதி தெரிகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். நெரித்த புருவக் கோட்டோடு வரும் நோயாளிகளுக்கு என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. தம்பதி சேர்ந்து நடத்திய ஆய்வு 1992-இல் வெளியானது. புருவ நடுக் கோட்டுக்கு 2002-இலும், கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013-இலும், நெற்றிக் கோட்டுக்கு 2017-இலும் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

அந்தப் பத்து நிமிடம்

புருவ நடுக் கோட்டுக்கு ஊசி போடும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மருந்து குப்பியில் பொடியாக வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குக் குப்பியின் அடியில் படிந்திருக்கும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதில் அளவாக சலைன் விட்டுக் கரைப்பார்கள். மருத்துவர் உங்களைப் புருவத்தை நெரிக்கச் சொல்லி, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துப் புள்ளி வைப்பார். மூக்கின் மேல்முனையில் ஒன்று, இரண்டு புருவங்களின் மேலும் இரண்டிரண்டு. மொத்தம் ஐந்து புள்ளிகள். போடாக்ஸ் பிராண்டில் வழக்கமான அளவு, புள்ளிக்கு 4 யூனிட் வீதம் 20 யூனிட். ஒவ்வொரு குத்துக்கும் போகும் திரவம் 0.1 மில்லி.

ஊசி போட்டவுடன் எதுவும் மாறாது. மூன்று நான்கு நாளில் தசை தளரத் தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மறுபடியும் தசையோடு பேசத் தொடங்கிவிடும், கோடும் திரும்பும். ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொள்வதில் பயனில்லை. முதல்முறை போடுபவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தாலும் அவகாசம் இருக்கும்.

அந்த ஐந்து புள்ளிகளில் புருவத்துக்கு மேல் உள்ளவை மிகவும் தாழ்ந்துவிட்டால், மருந்து இமையைத் தூக்கும் தசைக்குக் கசிந்துவிடும். கண் பாதி மூடியது போல் இமை தொங்கும். முறையாக நடந்த மருத்துவ ஆய்வுகளிலேயே நூற்றில் மூன்று பேருக்கு இப்படி நேர்ந்தது. மருந்தின் வீரியம் குறையும்போது இமையும் சரியாகிவிடும். ஆனால் அதுவரை சில வாரங்கள் காத்திருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்த ஊசி போடுவதில்லை. மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இன்னொரு ஆபத்து போலி மருந்து. 2024-இல் அமெரிக்காவில் 11 மாநிலங்களைச் சேர்ந்த 22 பேர், போலி மருந்தாலும் முறையற்ற இடங்களில் போட்ட ஊசியாலும் பாதிக்கப்பட்டார்கள். பார்வை மங்கியது, விழுங்கச் சிரமப்பட்டார்கள், சிலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. கண்காணிப்பு கடுமையாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், பாதி விலைக்கு ஊசி போடுவதாக இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரத்தை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்கவேண்டும்!

ஃபில்லர்: பள்ளத்தை நிரப்பும் ஜெல்

கன்னமும் வாயோரமும் ஒட்டியதால் வந்த மடிப்புக்கு ஃபில்லர் போடுவார்கள். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரானிக் ஆசிட் ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே உள்ள பொருள் இது, தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 1934-இல் மாட்டுக் கண்ணின் உள்ஜெல்லிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். போடும் இடத்தையும் ஜெல்லின் தன்மையையும் பொறுத்துப் பலன் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை இருக்கும். இதன் பெரிய வசதி, பிடிக்காவிட்டால் ஹையலூரானிடேஸ் என்ற மருந்தைப் போட்டுக் கரைத்துவிடலாம். ஃபில்லராகச் சிலர் போடும் சிலிகான் திரவத்துக்கு அந்த வசதி கிடையாது. 'நிரந்தர ஃபில்லர்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபில்லரின் உண்மையான ஆபத்து ரத்தக்குழாய். முகத்தின் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மூக்கு, புருவ நடுப்பகுதி ஆகிய இடங்களில் உள்ள தமனிகள் கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயோடு இணைந்தவை. ஊசிமுனை தமனிக்குள் நுழைந்து ஜெல் உள்ளே போய்விட்டால், அது ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். தோல் கருகலாம், பார்வை பறிபோகலாம். இது அபூர்வம்தான். ஆனால் நேர்ந்தால் நிமிடங்கள்தான் கணக்கு.

ஊசி போடும்போதோ வீட்டுக்கு வந்த பிறகோ தாங்க முடியாத வலி, தோல் சட்டென்று வெளிறுதல், வலைப்பின்னல் போல நீலத் திட்டு, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணில் கோளாறு தெரிந்தால் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஃபில்லர் போடும் இடத்தில் கரைக்கும் மருந்து கைவசம் இருக்கவேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். ஊசி இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் 'ஹையலூரான் பேனா'வை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே பயன்படுத்துபவர்கள் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021-இலேயே எச்சரித்துவிட்டது.

பீல், லேசர்: நம் நிறத்துக்குத் தனிக் கவனம்

கிளைகாலிக் ஆசிட் போன்றவற்றைத் தடவி மேல்தோலை உரியவைப்பது கெமிக்கல் பீல். ஒளியின் வெப்பத்தால் தோலில் மிக நுண்ணிய புள்ளிகளாகக் காயம் உண்டாக்கி, ஆறும்போது புதிய கொலாஜன் வளரச் செய்வது ஃப்ராக்ஷனல் லேசர். நுண்ணூசி உருளையால் அதையே செய்வது மைக்ரோ நீடிலிங். வெயில் கொடுத்த மெல்லிய கோடுகளுக்கும் சொரசொரப்புக்கும் இவை ஓரளவு பலன் தரும்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம், நம் தோலின் நிறம். மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும், நிறம் தரும் பொருளான மெலனின் நல்ல காவல். அதனால் வெள்ளைத் தோலைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே வருகிறது. ஆனால் அதே மெலனின், தோல் புண்பட்டால் அந்த இடத்தில் கருந்திட்டாகத் தங்கிவிடும். ஒரு சுருக்கத்தை நீக்கப் போய் முகம் முழுக்கக் கருமையோடு திரும்புபவர்களின் கதை இதுதான். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவில் லேசரை வைத்தாலும், வீரியமான பீலைத் தேவைக்கு மேல் விட்டாலும் இது நடக்கும். நம் தோலுக்குக் குறைந்த வீரியத்தில், இடைவெளி விட்டுப் பலமுறை செய்வதே பாதுகாப்பு. ஆழமாக உரிக்கும் ஃபீனால் பீல் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது. அதை அழகு நிலையத்தில் செய்யவே கூடாது.

ஊசி தோலைத் துளைக்கும் எந்தச் சிகிச்சையிலும் சுத்தம் தவறினால் விலை பெரிது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், உரிமம் இல்லாமல் நடந்த ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தை எடுத்து முகத்தில் செலுத்தும் 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அழகுக்கான ஊசியால் எச்.ஐ.வி. பரவியது பதிவாகியுள்ள முதல் நிகழ்வு என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது.

செலவு குறைந்த இரண்டு வழிகள்

ஊசிக்கும் லேசருக்கும் முன்பு முயலவேண்டியவை இரண்டு. அவற்றில் முதலாவது சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 903 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோல், விருப்பப்பட்டபோது போட்டவர்களின் தோலைவிட நாலரை ஆண்டுகளில் 24 சதவீதம் குறைவாகவே முதுமை அடைந்திருந்தது. அதுவும் நடுவயதுக்காரர்களுக்கு! கோடை நண்பகலில் நம் ஊர் வெயில் கொட்டும் யூவி அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 'மிகத் தீவிரம்' என்ற நிலை. தினமும் பைக்கில் போகிறவர்களுக்கும், வயலில், கட்டட வேலையில் நிற்பவர்களுக்கும் குடையும் தொப்பியும் துப்பட்டாவும் எந்த க்ரீமுக்கும் குறைந்தவை அல்ல.

இரண்டாவது, இரவில் தடவும் ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மன் முதலில் பருவுக்குத்தான் இதைப் பயன்படுத்தினார். வயதான நோயாளிகளின் தோலில் மெல்லிய கோடுகளும் குறைவதை 1980-களில் அவரது குழு ஆய்வு செய்து எழுதியது. இதே க்ளிக்மன் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் நடத்திய சோதனைகள், மருத்துவ அறத்துக்கு நேர்ந்த பெரிய களங்கம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ட்ரெட்டினாயின் பலன் தர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பட்டாணி அளவு முகம் முழுமைக்கும் போதும். தொடக்கத்தில் தோல் சிவந்து உரியும். வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்துக் கூட்டவேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்கவேண்டும். மருந்துக்கடையில் 'முகம் பளிச்சென்று ஆகும்' என்று சொல்லிக் கொடுக்கும் கலவை க்ரீம்களில் ட்ரெட்டினாயினோடு ஸ்டீராய்டும், தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருக்கும். சில வாரம் பளபளக்கும் முகம், பிறகு மெலிந்து, சிவந்து, ரோமம் முளைத்து அவதிப்படும். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியும் கடைகளில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன.

ஊசி போடுபவர் யார்?

சில நாள் பயிற்சியில் போடாக்ஸும் ஃபில்லரும் போடக் கற்றுத்தருவதாக அழகுக்கலைப் பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. சுவரில் மாட்டிக்கொள்ளச் சான்றிதழும் சட்டம் போட்டுத் தருகிறார்கள். முகத்தின் தமனி எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பது வார இறுதி வகுப்பில் கைவராது. அடைப்பு ஏற்பட்டால் எந்த மருந்தை எவ்வளவு போடவேண்டும் என்று அந்தச் சான்றிதழ் சொல்லித்தராது. தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேற்படிப்பு முடித்தவரிடம் மட்டுமே முகத்தைக் கொடுங்கள்.

நாற்காலியில் உட்காரும் முன் கேட்கவேண்டியவை:

• உங்கள் மருத்துவப் பதிவு எண் என்ன? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம்.

• என் சுருக்கம் அசைவாலா, கன்னம் ஒட்டியதாலா, வெயிலாலா? இந்தச் சிகிச்சை அதற்குப் பொருந்துமா?

• எந்த பிராண்ட், எத்தனை யூனிட்? ஒரு பிராண்டின் 20 யூனிட்டும் இன்னொன்றின் 20 யூனிட்டும் சமமல்ல.

• குப்பியை என் முன்னால் திறப்பீர்களா? பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் என் சீட்டில் எழுதித் தருவீர்களா?

• ஃபில்லர் என்றால், கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா?

• ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடவேண்டும்?

இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். 'அதெல்லாம் எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்' என்று சொன்னால், பேக்கேஜுக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, கிளம்பிவிடுங்கள்.

சட்டம் வரவேண்டும்

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காகப் போடாக்ஸ், ஃபில்லர் போடுவது 2021 அக்டோபரிலிருந்து குற்றம். நம் நாட்டிலும் முகத்தில் ஊசி போட யாருக்குத் தகுதி உண்டு, எந்த வயதில் போடலாம், மருந்து எங்கிருந்து வரவேண்டும் என்று ஒரே இடத்தில் தெளிவாகச் சொல்லும் சட்டம் வேண்டும். மீறும் நிலையங்களை மாவட்ட சுகாதார அதிகாரிகள் நேரில் போய்ச் சோதித்து மூடவேண்டும். பார்வை போன பிறகு வழக்கு நடத்தி யாருக்கும் பயனில்லை.

சுருக்கத்தைக் குறைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அது வேண்டாம் என்று முகத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதும் அதே அளவு மரியாதைக்குரிய முடிவு. கணவனோ, மாமியாரோ, அலுவலகமோ, விளம்பரமோ சொல்லி எடுக்கும் முடிவுதான் தவறு. உங்களுக்காக நீங்கள் எடுக்கும் முடிவென்றால், இன்றிலிருந்து சன்ஸ்கிரீன் போடத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் ஊசி வேண்டும் என்று தோன்றினால், மேலே உள்ள கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.